எந்த ஆண்டின் உயேஷிபா?

ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஐக்கிடோவைக் கற்றுத்தரும் பள்ளி பாரிஸில் இருந்தாலும் பாஸ்டனில் இருந்தாலும், ஆசிரியரைப் பற்றிய அறிமுகக் குறிப்பு ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். இன்ன வயதில் தொடங்கினார், இன்னாரிடம் பயின்றார், அந்த இன்னார் நிறுவனர் மொரிஹெய் உயேஷிபாவின் நேரடி மாணவர், இவர் இப்போது இத்தனையாவது டான் என்ற தகுதிப் படியில் இருக்கிறார். நம் ஊர்க் கச்சேரி அழைப்பிதழில் பாடகர் பெயருக்கு அடியில் குருவின் பெயரும் வருமே, அந்த மாதிரி. சேர வருகிறவருக்கு அது போதும். தன் ஆசிரியருக்கும் நிறுவனருக்கும் நடுவே ஒரே ஒரு ஆள்தான் என்று தெரிந்ததும் நம்பிக்கை வந்துவிடுகிறது.

அந்தக் குறிப்பில் பொய் இருக்காது. ஆனால் கேட்க வேண்டியதற்கு அதில் பதிலும் இருக்காது. உயேஷிபா 1883-இல் பிறந்து 1969-இல், 85 வயதில் இறந்தவர். அவருடைய கலை பத்தாண்டுக்கு ஒருமுறை உரு மாறிக்கொண்டே வந்தது. 1932-இல் அவர் காலடியில் உட்கார்ந்தவரும் 1962-இல் உட்கார்ந்தவரும் ஒரே மனிதரிடம் படித்தார்கள் என்று சொல்வது மரியாதைக்காக மட்டுமே. முன்னவர் கண்டது 48 வயது முரடரை. பின்னவர் கண்டது 78 வயது முதியவரை. இரண்டு பேரும் வெறுங்கையோடு வந்தவர்கள் அல்லர். வரும்போதே ஜூடோவோ கெண்டோவோ கராத்தேயோ உடம்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பிற்பாடு கற்பித்தது அந்தக் கலவையைத்தான்.

உயேஷிபாவுக்கே இது பொருந்தும். வாகயாமா பகுதியின் டனபே ஊர்க்காரர். இளம் வயதில் டோக்கியோவில் பிழைக்கப் போனபோது கொஞ்ச நாள் ஜுஜுட்சு, ராணுவத்தில் இருந்தபோது சகாய் நகரில் யாக்யு ஷிங்கன்-ரியு, அதில் 1908-இல் ஒரு சான்றிதழ், ஊர் திரும்பிய பிறகு சிறிது ஜூடோ. எல்லாம் தொட்டும் தொடாமலும் போனவை. 1912-இல் டனபே பகுதிக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே ஹொக்கைடோவின் ஷிரடகி காட்டைத் திருத்திக் குடியேறப் போனார். அங்கே, 1915-இல், எங்கரு என்ற ஊரின் விடுதி ஒன்றில் சொகாகு டகேடாவைச் சந்தித்தார். அவருடைய உண்மையான பயிற்சி அந்த விடுதியில் தொடங்கியது.

டகேடா ஐஸு நாட்டுச் சாமுராய் மரபில் வந்தவர். சிறிய உருவம், யாரையும் நம்பாத குணம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பார்கள். ஓரிடத்தில் பள்ளி வைத்து உட்காராமல் ஊர் ஊராகப் போய் போலீஸ் அதிகாரிகளுக்கும் நீதிபதிகளுக்கும் வசதியுள்ளவர்களுக்கும் பத்து நாள் முகாம்களாக டைட்டோ-ரியு என்ற பிடிவித்தையைக் கற்றுத்தந்தார். எழுதத் தெரியாத அந்த மனிதர் இரண்டு பேரேடுகளை எங்கு போனாலும் சுமந்து சென்றார். ஒன்றில் படித்தவர் பெயர், ஊர், தேதி, முத்திரை. இன்னொன்றில் கட்டிய பணம். மாணவர்தான் அதில் எழுதி முத்திரை வைக்க வேண்டும். யார், எங்கே, எத்தனை நாள் படித்தார்கள் என்று பிற்காலத்தவர் வாதாடிய போதெல்லாம் பிரச்சினையைத் தீர்த்து வைத்தவை அந்தப் பேரேடுகள்தான். தற்காப்புக் கலை உலகில் இவ்வளவு கறாரான மாணவர் சேர்க்கைப் பதிவேடு வேறு எங்காவது உண்டா என்று எனக்குச் சந்தேகம்.

அந்தப் பேரேட்டில் உயேஷிபாவின் பெயர் இருக்கிறது. 1922-இல் டகேடா குடும்பத்தோடு அயாபேவுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கி, அவருக்குக் கற்பிக்கும் உரிமையும் வழங்கிவிட்டுப் போனார். அயாபேவில் உயேஷிபா இருந்ததற்குக் காரணம் வேறு. 1919 கடைசியில் தந்தை சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்து ஊருக்குப் புறப்பட்டவர், வழியில் அயாபேவில் ஓமோட்டோ என்ற புதிய மத இயக்கத்தின் தலைவர் ஒனிசபுரோ டெகுச்சியிடம் பிரார்த்தனைக்காகப் போனார். தந்தை பிழைக்கவில்லை. மகன் அந்த இயக்கத்தோடு ஒட்டிக்கொண்டார். பின்னாளில் அவர் வாயிலிருந்து வந்த ஆன்மிகப் பேச்சு முழுதும் அங்கே விளைந்தது. கைப்பிடிகளும் வீச்சுகளும் டகேடாவிடமிருந்து, அவற்றுக்கான விளக்கம் டெகுச்சியிடமிருந்து என்று பிரித்துச் சொன்னால் பெரிய தவறாகிவிடாது.

1931-இல் டோக்கியோவின் உஷிகோமே பகுதியில் கோபுகன் என்ற டோஜோ, அதாவது பயிற்சிக் கூடம், திறந்தது. அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் நரக டோஜோ. சிபாரிசு இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. கடற்படைத் தளபதி இசாமு டகேஷிட்டா போன்ற பெரிய இடத்து மனிதர்கள் ஆதரவாளர்களாக மட்டும் இல்லாமல் தாங்களே தரையில் உருண்டு கற்றார்கள். பெண்களும் இருந்தார்கள். ஓவியம் படித்த டகாகோ குனிகோஷி வரைந்த படங்களோடுதான் 1933-இல் உயேஷிபாவின் முதல் பயிற்சி நூல் வந்தது. ஐக்கிடோ வம்சாவளி வரைபடங்களில் அந்தப் பெண்ணின் பெயரைப் பார்ப்பது அரிது. அவர் வரைந்த கோடுகள் இல்லாமல் அந்தக் காலத்து நுட்பங்கள் எப்படி இருந்தன என்று இன்று யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1930-இல் உயேஷிபாவின் செயல்முறையைப் பார்க்க வந்தார். பார்த்தவர் தன் மாணவர்களில் சிலரை அங்கே அனுப்பிவைத்தார். அவர்களில் ஒருவர் மினோரு மொச்சிசுகி. ஜூடோ, கெண்டோ, கடோரி ஷிண்டோ-ரியு வாள்வித்தை என்று ஏற்கெனவே நிரம்பி வழிந்த இளைஞர். உயேஷிபா 1932-இல் அவருக்குத் தந்த சுருள்களில் கலையின் பெயர் டைட்டோ-ரியு என்றே இருந்தது. ஷிசுவோகாவில் யோசெய்கன் என்ற சொந்தப் பள்ளி தொடங்கிய மொச்சிசுகி, 1951-இல் பிரான்சுக்குப் போனார். ஐரோப்பா ஐக்கிடோவைக் கண்டது முதன்முதலாக அவர் கையில்தான். போன இடத்தில் மல்யுத்தக்காரர்களும் சவாத்தே உதைவித்தைக்காரர்களும் சவாலுக்கு வந்தார்கள். ஐக்கிடோவை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியவில்லை, ஜூடோவையும் கெண்டோவையும் துணைக்கு இழுக்க வேண்டியிருந்தது என்று ஊர் திரும்பியதும் குருவிடமே சொன்னாராம். ஜெயிப்பதைப் பற்றியே நினைக்கிறாயே என்ற தொனியில் உயேஷிபா கடிந்துகொண்டார். இதை மொச்சிசுகியே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கடிந்துகொண்டதால் அவர் மாறிவிடவில்லை. யோசெய்கனில் கடைசிவரை எல்லாம் கலந்தே இருந்தது.

கென்ஜி டொமிகியின் கதை இன்னும் ஆழமானது. வசேடா பல்கலைக்கழகத்தில் படித்த ஜூடோக்காரர், கானோவைப் பின்பற்றியவர், 1926 முதல் உயேஷிபாவிடம். 1940-இல் உயேஷிபா தந்த முதல் எட்டாம் டான் அவருக்குத்தான். மஞ்சூரியாவில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தவர், போர் முடிந்ததும் சோவியத் சிறைமுகாமில் சில ஆண்டுகளைக் கழித்துவிட்டு 1948-இல் திரும்பினார். அவர் மனத்தில் இருந்த கேள்வி கானோவிடமிருந்து வந்தது: ஒத்துழைக்கும் துணையோடு திரும்பத் திரும்பச் செய்கிற பயிற்சியால் மட்டும் ஒரு கலை கல்வியாகிவிடுமா? எதிர்ப்போடு பயின்றால்தானே உண்மை தெரியும்? 1958-இல் வசேடாவில் ஐக்கிடோ சங்கம் அமைத்து, போட்டியையும் கொண்டுவந்தார். உயேஷிபாவுக்குப் போட்டி என்றாலே ஆகாது. அதனால் டொமிகியின் வழியை ஐக்கிடோவே அல்ல என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயேஷிபாவிடம் அத்தனை ஆண்டு படித்து முதல் எட்டாம் டான் வாங்கியவர் ஐக்கிடோவுக்கு வெளியே நிற்கிறார் என்றால், உள்ளே நிற்பவர் யார்?

அதே கோபுகனுக்கு 1932-இல் வந்தவர் கோஸோ ஷியோடா. மருத்துவரின் மகன், ஐந்தடி சொச்சம் உயரம், கையில் ஜூடோ மூன்றாம் டான். வேடிக்கை பார்க்க வந்தவரை உயேஷிபா கூப்பிட்டு மோதச் சொல்ல, இவர் எட்டி உதைக்க, அடுத்த கணம் தரையில் கிடந்ததாக அவரே எழுதியிருக்கிறார். எட்டு ஆண்டுக்கு மேல் அங்கே பயின்றார். அவர் கண்டது ஐம்பதை ஒட்டிய உயேஷிபாவை. கூர்மையான, எலும்பை உலுக்கும், நேர்க்கோட்டு நுட்பங்கள். 1955-இல் அவர் தொடங்கிய யோஷின்கன் இன்றுவரை அந்தக் கூர்மையை அப்படியே வைத்திருக்கிறது. டோக்கியோ கலகத் தடுப்புப் போலீசார் அங்கே படிக்க வந்ததால், ஒரே நேரத்தில் பலருக்கு எண் சொல்லிக் கற்றுத்தர வசதியாக அசைவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து வரிசை கட்டினார்கள். யோஷின்கனின் விறைப்பைப் பார்த்துச் சிரிக்கும் மற்றப் பள்ளிக்காரர்கள், அந்த விறைப்பில் பாதி 1930களின் உயேஷிபாவிடமிருந்தும் பாதி போலீஸ் பயிற்சியின் தேவையிலிருந்தும் வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1930களில் அவர் கற்பித்தது என்ன என்பதற்கு ஒசாகாவில் நல்ல சாட்சி இருக்கிறது. அசாஹி நாளிதழ் அலுவலகத்தில் காவலர்களுக்கும் ஊழியர்களுக்கும் உயேஷிபா கற்பித்து வந்தார். 1936-இல் அறிவிப்பு எதுவும் இல்லாமல் டகேடா அங்கே வந்து நின்றார். இனி நானே கற்பிக்கிறேன் என்றார். அவரைப் பார்க்காமலேயே உயேஷிபா ஒசாகாவை விட்டுப் போய்விட்டார் என்பது அங்கே பொறுப்பில் இருந்த டகுமா ஹிசாவின் வாக்குமூலம். ஹிசாவும் நண்பர்களும் பத்திரிகைக்காரர்கள் அல்லவா, வகுப்பு முடிந்ததும் அன்றைய நுட்பங்களைத் தாங்களே செய்துகாட்டிப் புகைப்படம் எடுத்து வைத்தார்கள். முதல் தொகுதிகளில் உயேஷிபா கற்றுத்தந்தவை, அடுத்தவற்றில் டகேடா கற்றுத்தந்தவை. இரண்டும் ஒரே கலை என்று படங்களே சொல்கின்றன. 1939-இல் ஹிசாவுக்கு டகேடா முழுத் தகுதிச் சான்றிதழ் தந்தார். உயேஷிபாவுக்கு அது கிடைக்கவே இல்லை. மாணவர் குருவை முந்திய கதை. இதை ஐக்கிடோ பள்ளிகளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

பிறகு போர். 1942-இல் ஐக்கிடோ என்ற பெயர் அதிகாரப்பூர்வமாயிற்று. அதே ஆண்டு உயேஷிபா டோக்கியோவை விட்டு இவாமா என்ற கிராமத்தில் நிலம் உழப் போய்விட்டார். டோக்கியோ டோஜோ, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகன் கிஷோமாருவின் தலையில் விழுந்தது. குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பங்கள் பயிற்சிக் கூடத்தில் குடியிருந்தன. பயிற்சிக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிஷோமாரு ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, காலையும் மாலையும் கற்பித்தார். 1948-இல் ஐக்கிடோ அமைப்புக்கு அறக்கட்டளையாக அங்கீகாரம் கிடைத்தது. 1956-இல் டகஷிமயா பல்பொருள் அங்காடியின் மொட்டைமாடியில் பொதுமக்கள் முன் செயல்முறை காட்டினார்கள். அதுவரை பொது மேடையில் உயேஷிபா மட்டுமே செய்துகாட்டுவது வழக்கம். அன்று மற்ற ஆசிரியர்களும் மேடை ஏறினார்கள். ஐக்கிடோ ஒரு மனிதரின் வித்தையாக இருந்தது போய்ப் பலர் கற்பிக்கும் பாடமாக மாறிய இடம் அதுதான்.

இவாமாவில் நடந்தது வேறு. 1946-இல் மொரிஹிரோ சைட்டோ என்ற 18 வயதுப் பையன் கிழவரின் வாசலுக்கு வந்தான். ரயில்வே வேலை, ஒரு நாள் முழுக்கப் பணி, மறுநாள் முழுக்க ஓய்வு. அந்த ஓய்வு நாட்கள்தான் ஐக்கிடோவின் ஆயுதப் பயிற்சியைக் காப்பாற்றின. மற்றவர்கள் காலையில் வேலைக்குப் போய்விட, சைட்டோ மட்டும் தோட்டவேலைக்கும் கம்பு, வாள் பயிற்சிக்கும் கிழவரோடு தனியாக நின்றார். 23 ஆண்டு, நிறுவனர் சாகும்வரை. உயேஷிபாவோடு அத்தனை நீண்ட காலம் அருகிலேயே இருந்தவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் டோக்கியோவில் அவரைக் கிராமத்துப் பாணிக்காரர் என்றே ஓரம் கட்டினார்கள். 1938-இல் உயேஷிபா தன் படங்களோடு வெளியிட்ட பயிற்சி நூலொன்று மறக்கப்பட்டுக் கிடந்தது. 1981-இல் ஸ்டான்லி பிரானின் என்ற அமெரிக்கர் அதன் பிரதியைத் தேடி எடுத்துச் சைட்டோவிடம் காட்டினார். தான் கற்பிப்பதும் படத்தில் இருப்பதும் ஒன்றே என்று பார்த்த சைட்டோ, அதன் பிறகு போகும் வகுப்புக்கெல்லாம் அந்த நூலைக் கையோடு கொண்டுபோனார். சந்தேகப்பட்டவரிடம் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார்.

பிரானின் ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. 1974 முதல் ஐக்கிடோ இதழ் ஒன்றை நடத்தி, போருக்கு முந்தைய மாணவர்களைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்தவர் அவர். அவருடைய முடிவு பலருக்குக் கசந்தது. உலகம் முழுக்கப் பரவிய ஐக்கிடோவின் தந்தை என்று உண்மையில் சொல்ல வேண்டியது மகன் கிஷோமாருவையும் கோயிச்சி டொஹெயையும்தான் என்றார் அவர். 1950களிலும் 60களிலும் டோக்கியோவில் தங்கிப் பயின்ற இளைஞர்களுக்கு அன்றாட வகுப்பு எடுத்தவர்கள் இவர்கள் இருவரும் இவர்கள் தலைமுறை ஆசிரியர்களும்தான். நிறுவனர் இவாமாவிலிருந்து எப்போதாவது வருவார். வந்தால் திடீரென்று கூடத்துக்குள் நுழைந்து, விளக்கம் சொல்லாமல் நாலைந்து வீச்சு காட்டுவார். பிறகு தெய்வங்களின் பெயர்கள் நிறைந்த நீண்ட உரை, மடித்து உட்கார்ந்த கால்கள் மரத்துப்போகும்வரை. பயணங்களில் பெட்டி தூக்கிக்கொண்டு உடன் போனவர்களுக்கும், மேடையில் அவர் கையால் வீசப்பட்டவர்களுக்கும் கிடைத்தது பெரிய பேறுதான். அதைப் பாடம் என்று சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி.

டொஹெயின் பின்னணியையும் பார்க்க வேண்டும். கெயோ பல்கலைக்கழக மாணவர், ஜூடோவும் மூச்சுப் பயிற்சியும் பழகியவர், போருக்கு முன் உயேஷிபாவிடம் ஒன்றரை ஆண்டு சொச்சம், பிறகு சீனப் போர்முனை. திரும்பியபின் டெம்பு நகமுராவிடம் போனார். நகமுரா, காசநோயோடு உலகம் சுற்றி, இமயமலை அடிவாரத்தில் ஒரு யோகியிடம் பயிற்சி பெற்றுக் குணமானதாகத் தானே சொல்லிக்கொண்டவர். உடம்பை மனம் நடத்துகிறது என்ற அவருடைய போதனை டொஹெயின் வகுப்புகளில் அப்படியே ஒலித்தது. உயேஷிபாவிடம் தான் கற்றது நுட்பங்களை அல்ல, உடல் தளர்ந்திருக்கும் விதத்தைத்தான் என்று டொஹெய் வெளிப்படையாகவே சொன்னார். 1953-இல் ஹவாய்க்கு ஐக்கிடோவைக் கொண்டுபோனவர், 1969-இல் பத்தாம் டான் பெற்றவர், 1974-இல் டோக்கியோ தலைமையகத்தோடு முறித்துக்கொண்டு வெளியேறினார். அமெரிக்கப் பள்ளிகளில் ‘கி’ என்ற உயிராற்றல் ஓடுகிறது, கை வளையாது என்று காட்டும் பயிற்சிகளை நிறுவனரின் மரபு என்று நினைப்பவர்கள், வழியில் ஓர் இந்திய யோகியின் நிழலும் விழுந்திருப்பதை அறிந்தால் ஆச்சரியப்படுவார்கள்.

அந்த டோக்கியோ இளைஞர்கள்தான் பிறகு உலகெங்கும் போனார்கள். 1964-இல் நொபுயோஷி டமுரா பிரான்சுக்கு, யோஷிமிட்சு யமடா நியூயார்க்குக்கு, ஹிரோஷி டடா இத்தாலிக்கு. 1966-இல் மிட்சுனாரி கனாய் பாஸ்டனுக்கு, கசுவோ சிபா பிரிட்டனுக்கு. எல்லோரும் நிறுவனரின் நேரடி மாணவர்கள் என்றே அறிமுகமானார்கள். ஒருவர் அசைவதுபோல இன்னொருவர் அசையவில்லை. டடா, வசேடாவில் கிச்சின் ஃபுனகோஷியிடம் கராத்தே படித்தவர், டெம்பு நகமுராவின் மாணவரும்கூட. அவருடைய வகுப்பு மூச்சில் தொடங்கும். சிபா ஜூடோவும் கராத்தேயும் பழகிவிட்டு, புத்தகமொன்றில் உயேஷிபாவின் புகைப்படத்தைப் பார்த்து இவர்தான் என் குரு என்று முடிவு செய்து வந்தவர். பின்னர் வாள் உருவும் கலையும் ஜென் தியானமும் சேர்ந்துகொண்டன. அவர் வகுப்பில் வெட்டு விழுவதுபோல் அசைவு இருக்கும். அனுப்பப்பட்ட நாட்டில் யார் மாணவர்களாகச் சேர்ந்தார்கள் என்பதும் இந்தக் கலவையில் கலந்தது. பிரான்சில் ஐக்கிடோ வளர்ந்தது ஜூடோ சங்கங்களின் நிழலில். ஆகவே முதல் தலைமுறை பிரெஞ்சு ஆசிரியர்களில் ஜூடோ படிக்காதவரைக் காண்பது கடினம்.

இதையெல்லாம் சொல்வது யாரையும் குறைப்பதற்காக அல்ல. ஜூடோவிலிருந்து வந்தவர் வீசுவதில் கனம் இருக்கும். வாள் பழகியவருக்கு இடைவெளி தெரியும். கராத்தேக்காரருக்கு அடி எப்படி வரும் என்று தெரியும். ஷோஜி நிஷியோ இந்த எல்லாவற்றையும் படித்தவர். அதை மறைக்காமல், ஒவ்வொரு அசைவையும் கராத்தேயோடும் வாளோடும் ஒப்பிட்டே கற்பித்தார். எனக்கு உறுத்துவது எதிர்த் திசையில் நடப்பது. பள்ளிகள் தங்கள் ஆசிரியரின் பழைய பயிற்சியை இளமைக்கால விளையாட்டுபோல ஒரு வரியில் ஒதுக்கிவிட்டு, நிறுவனரின் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடுகின்றன. டான் எண்ணோ இன்னும் குறைவாகவே சொல்கிறது. அது எத்தனை காலம் அமைப்பில் இருந்தார் என்பதற்கும் ஓரளவு சான்று. அவருக்கு அன்றாடம் கற்றுக்கொடுத்தது யார் என்பதற்கு அதில் இடமே இல்லை.

டகேடாவின் பேரேடுகளில் தேதி, இடம், நாட்கள், கட்டணம் நான்கும் இருந்தன. நூறு ஆண்டு கழித்து வந்த அச்சுக் குறிப்புகளில் இவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை.

இப்போது நிறுவனரைத் தொட்ட கைகள் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டன. டமுரா 2010-இல், சிபா 2015-இல், யமடா 2023-இல் மறைந்தார்கள். அடுத்த வரிசையில் இருப்பவர் பிரான்சின் கிறிஸ்தியான் திஸ்ஸியே. நிறுவனர் இறந்த அதே 1969-இல், 18 வயதில் டோக்கியோவுக்குப் போனவர். உயேஷிபாவை அவர் பார்த்ததில்லை. ஏழு ஆண்டு அங்கே இருந்து பிரெஞ்சு கற்றுக்கொடுத்துச் செலவைச் சமாளித்தார், கிக்பாக்சிங் பழகினார், மினோரு இனாபாவிடம் கஷிமா வாள்வித்தை படித்தார், 1976-இல் ஊர் திரும்பினார். 2016-இல் எட்டாம் டான். தன் ஆசிரியர் யார் என்று கேட்டால் அவர் முதலில் சொல்வது செய்கோ யமகுச்சியின் பெயரை. யமகுச்சி போருக்குப் பிறகு ஐக்கிடோவுக்கு வந்தவர், பர்மாவில் ராணுவத்தினருக்குக் கற்பித்தவர், புத்தகம் எழுதாதவர், தனக்கென்று அமைப்பு எதுவும் வைத்துக்கொள்ளாதவர். திஸ்ஸியேயின் மென்மையான, நீண்டு செல்லும் அசைவை ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானோர் பின்பற்றுகிறார்கள். அதில் பெரும்பகுதி யமகுச்சியுடையது.